113 குரல்கள், ஒரு போர்: சிறுசித்திர நாவலை வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு

ஒரு சிப்பாய் கடிதம் எழுத உட்கார்கிறான். கம்பெனியில், அதாவது அவனுடைய படைப்பிரிவில், செத்துப்போனவர்களின் வீடுகளுக்கு ஆறுதல் கடிதம் எழுதும் வேலையை கேப்டன் அவனிடம் ஒப்படைத்திருக்கிறார். அவனும் எழுதுகிறான். ஒவ்வொருவனுக்கும் ஒரு வீரச்சாவு, ஒவ்வொரு தாய்க்கும் பெருமைப்பட நாலு வரி. எழுத எழுத அவனுக்கே கசந்துபோகிறது. கடைசியில் ஒரு தாய்க்கு உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறான். உங்கள் மகன் வீணாகச் செத்தான். உடம்பெல்லாம் பேன், ஓயாத வயிற்றுப்போக்கு, வீங்கி அழுகி நாறிய பாதங்கள். குண்டுச் சிதறல் பட்ட பிறகு மூன்று மணி நேரம் கதறிக்கொண்டும் வைதுகொண்டும் கிடந்தான். எழுதியதைப் படித்துப் பார்க்கிறான். பிறகு சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிடுகிறான்.

இது ஒரு சிறுகதை அல்ல. ஒரு நாவலின் பகுதி. ஆனால் அந்தச் சிப்பாய் தன் கதையைச் சொல்வது அந்தச் சில பக்கங்களில் மட்டும்தான். பக்கத்தைத் திருப்பினால் வேறொருவன் பேசத் தொடங்கிவிடுகிறான். அவனுக்குப் பிறகு இன்னொருவன். இப்படி மொத்தம் 113 பேர். வில்லியம் மார்ச் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1933இல் வெளியிட்ட ‘கம்பெனி கே’ என்ற நாவல் இது. முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன ஓர் அமெரிக்க மெரைன் (கடற்படையைச் சார்ந்த தரைச்சண்டைப் படை) கம்பெனியின் கதையை, அந்தக் கம்பெனியின் ஆட்கள் ஆளுக்கு ஓரிரு பக்கமாகச் சொல்லிவிட்டு நகர்கிறார்கள்.

இந்த வகை நாவலை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு குழப்பம் வருகிறது. கதாநாயகன் யார்? எங்கே பிடித்துக்கொண்டு நடப்பது? எனக்கும் வந்தது. முதல் முறை நாற்பது பேரைக்கூடத் தாண்டாமல் மூடிவைத்தேன். பல மாதங்கள் கழித்துத் திரும்ப எடுத்து முடித்தேன். இன்றுவரை இந்த நாவலைப் பிடித்திருக்கிறது என்று முழு மனதோடு சொல்ல என்னால் முடியவில்லை. மறக்கவும் முடியவில்லை. அந்த இரண்டுங்கெட்டான் நிலைக்குக் காரணம் என்ன என்று யோசித்தபோதுதான் இந்த வடிவம் எப்படி வேலை செய்கிறது என்பது எனக்குப் பிடிபட்டது. அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘வின்யெட்’ என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. திராட்சைக் கொடியைக் குறிக்கும் சொல்லின் குழந்தை. பழைய புத்தகங்களில் பக்க ஓரங்களிலும் அத்தியாயம் தொடங்கும் இடத்திலும் கொடியும் இலையுமாகச் சிறு அலங்காரம் வரைந்திருப்பார்கள். அதற்கு வைத்த பெயர் இது. பின்னால், சட்டமில்லாத சிறு படங்களுக்கும் அதே பெயர் வந்தது. நடுவில் ஒரு முகம் தெளிவாக இருக்கும்; ஓரங்கள் மெல்ல மங்கி வெள்ளைத் தாளோடு கரைந்துவிடும். இந்தக் கட்டுரையில் நான் அதைச் சிறுசித்திரம் என்று சொல்கிறேன். அந்த மங்கும் ஓரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வடிவத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

சிறுகதைக்கும் சிறுசித்திரத்துக்கும் என்ன வேறுபாடு? நானே ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆட்கள் விட்டுவிட்டுப் போன ஒரு வீட்டில் சிப்பாய் ஒருவனுக்கு ஒரு கோழி முட்டை கிடைக்கிறது. வழக்கமான நாவலாக இருந்தால் இந்த முட்டை அவனுடைய வாழ்க்கையில் ஒரு நாள். அதற்கு முன்னும் பின்னும் முந்நூறு பக்கம் அவனோடு இருப்போம். சிறுகதையாக இருந்தால் முட்டையைச் சுற்றி ஒரு சிக்கல் முளைக்கும்: நண்பனோடு பங்கு போடுவதா, ஒளித்துத் தின்பதா; ஏதோ ஒன்று திரும்பும், ஏதோ ஒன்று முடியும். சிறுசித்திரத்தில் இவை எதுவும் வேண்டாம். அவன் இரும்புத் தொப்பியைக் கழற்றி, அதற்குள் கொஞ்சம் வைக்கோல் போட்டு, முட்டையை வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு திறந்த வெளியைக் கடக்கிறான். தலை வெறுந்தலையாக இருக்கிறது. அத்தோடு விட்டுவிடலாம். முட்டை உடைந்ததா, அவன் உயிரோடு போய்ச் சேர்ந்தானா என்று சொல்ல வேண்டியதில்லை. ஓரம் மங்கிவிட்டது. மிச்சத்தை வாசிப்பவர் மனம் வரைந்துகொள்கிறது.

இப்படிப்பட்ட சித்திரங்களை நூறு, நூற்றைம்பது என்று அடுக்கி, ஒரே படைப்பிரிவு, ஒரே போர், ஒரே காலம் என்ற கயிற்றில் கோத்தால் கிடைப்பது சிறுசித்திர நாவல்.

தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் அந்நியமான வடிவம் அல்ல. புறநானூற்றைப் புரட்டியவர்கள் இதை ஒரு விதத்தில் முன்பே சந்தித்திருக்கிறார்கள். பல புலவர்கள், பல போர்கள், ஒவ்வொரு பாட்டிலும் ஒரு கணம். காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் 278ஆம் பாட்டு மொத்தம் ஒன்பது அடி. நரம்பு புடைத்து வற்றிய தோளையுடைய ஒரு கிழவி. உன் மகன் போரில் புறங்காட்டினான் என்று பலரும் அவளிடம் சொல்கிறார்கள். அப்படியானால் அவன் பாலுண்ட முலையை அறுத்தெறிவேன் என்று சினந்து, வாளோடு களத்துக்குப் போய், பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறாள். துண்டுபட்டுக் கிடக்கும் மகனின் உடலைக் கண்டதும், அவனைப் பெற்ற நாளைவிடப் பெரிதாக மகிழ்ந்தாள் என்று பாட்டு முடிந்துவிடுகிறது. அவள் பெயர் நமக்குத் தெரியாது. மகன் பெயரும் தெரியாது. மறுநாள் காலை அவள் எப்படி எழுந்தாள் என்பதும் தெரியாது.

அந்தக் கிழவியையும், ‘கம்பெனி கே’யில் வரும் கிழிந்த கடிதம் போய்ச் சேராத அந்தத் தாயையும் என்னால் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் இருக்க முடியவில்லை. மகன் எப்படிச் செத்தான் என்ற ஒரே கேள்வி. ஒன்பது அடிப் பாட்டு வீரத்தின் பக்கம் நிற்கிறது. சில பக்கச் சித்திரம் அந்த வீரத்தைப் பொய் என்று சொல்கிறது, சொல்லிவிட்டு அந்த உண்மையையும் கிழித்துப் போடுகிறது. சிறுசித்திரம் போருக்கு எதிரான வடிவம் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது எந்தப் பக்கமும் பேசும். வடிவம் செய்வதெல்லாம் நம்மை ஒரு கணத்துக்கு மிக அருகில் கொண்டுபோய் நிறுத்துவதுதான்.

போரை எழுதுகிறவர்கள் ஏன் இந்த வடிவத்தைத் தேடிப் போகிறார்கள்? ஒரு காரணம் எளிது. களத்தில் நிற்பவனுக்குப் போர் தெரியாது. அவனுக்குத் தெரிவது தன் முன்னால் உள்ள மண், பக்கத்தில் நிற்பவனின் தோள், யாரோ கத்தும் ஓர் உத்தரவு. வரைபடத்தில் அம்புக்குறி போட்டுப் போரைப் பார்ப்பவர்கள் வேறு ஆட்கள். ஆகவே சிப்பாய் கண்ட அளவில் போரை எழுத வேண்டுமென்றால் அது துண்டு துண்டாகத்தான் வரும்.

இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு கதாநாயகனை வைத்துப் போர் நாவல் எழுதினால், அவன் கடைசிப் பக்கம்வரை பெரும்பாலும் உயிரோடு இருந்தாக வேண்டும். சுற்றி எத்தனை பேர் விழுந்தாலும் இவன் விழமாட்டான் என்பது வாசிப்பவருக்கு உள்ளூரத் தெரிந்திருக்கும். போரின் அடிப்படையான பயம், அடுத்த நொடி என்னவாகும் என்று தெரியாத அந்தப் பயம், அங்கே பாதி போய்விடுகிறது. நூறு பேர் பேசும் நாவலில் அந்தக் காப்பீடு யாருக்கும் இல்லை. பேசிக்கொண்டிருப்பவன் அந்தப் பக்கத்தின் அடியிலேயே செத்துப்போகலாம். ‘கம்பெனி கே’யில் சிலர் தங்கள் சாவையே தாங்களே சொல்கிறார்கள். இது எப்படிச் சாத்தியம் என்று நாவல் விளக்கம் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

மார்ச் இதைக் கேள்விப்பட்டு எழுதியவர் அல்லர். அவருடைய இயற்பெயர் வில்லியம் எட்வர்ட் கேம்பெல்; 1893இல் அலபாமா மாநிலத்தில் பிறந்தவர். மெரைன் படையில் சேர்ந்து பிரான்சுக்குப் போய் 1918இல் பெல்லோ காட்டுச் சண்டையில் காயம்பட்டவர். அந்தச் சண்டையில் ஜூன் 6 என்ற ஒரே நாளில் மெரைன்கள் தரப்பில் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக 1,087 பேர். அவருக்கு அமெரிக்க அரசும் பிரெஞ்சு அரசும் வீரப் பதக்கங்கள் கொடுத்தன. அந்தக் கடிதத்தில் வரும் மகன் செத்தது அதே காட்டில், அதே ஜூன் 6 அன்று. பதக்கம் வாங்கிய கை எழுதிய கடிதம் அது என்பதை அறிந்த பிறகு அந்தப் பக்கங்களை என்னால் முன்போல வாசிக்க முடியவில்லை.

நாவல் ஓர் ஒழுங்கோடுதான் போகிறது. பயிற்சி முகாம், கப்பல் பயணம், பதுங்குகுழி, சண்டைகள், போர்நிறுத்தம், ஊர் திரும்பியவர்களின் வாழ்க்கை என்று காலம் முன்னோக்கி நகர்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு ஒரு பதவி, ஒரு பெயர், அவ்வளவுதான். முதலில் பேசுபவன் ஜோசப் டெலானி என்ற சிப்பாய். போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, தன் கம்பெனியைப் பற்றிய புத்தகத்தை எழுதி முடித்துவிட்டு வீட்டு முகப்பில் மனைவியோடு உட்கார்ந்திருக்கிறான். இந்தக் கதைகளை எல்லாம் ஒரு பெரிய சக்கரத்தில் முளைமுளையாகத் தொங்கவிட்டு, அதைச் சுழற்றிவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. வேகம் கூடக் கூடக் கதைகள் ஒன்றோடொன்று கலந்து, தனித்தனி முகம் மறைந்து, ஒரே வலியின் வட்டமாகிவிட வேண்டும். அதுதான் போரின் படம் என்கிறான். நாவலாசிரியர் தன் வடிவத்துக்கான திறவுகோலை முதல் சில பக்கங்களிலேயே வாசகர் கையில் கொடுத்துவிடுகிறார். புதிதாக வாசிப்பவர்கள் இதை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம்.

டெலானியின் மனைவி அங்கே ஒரு கருத்துச் சொல்கிறாள். கைதிகளைச் சுட்டுக் கொல்லும் பகுதியை எடுத்துவிடலாமே. எங்கேயோ ஓரிரு முறை நடந்திருக்கலாம். ஆனால் அது வழக்கமாக நடப்பதல்லவே. அதற்குப் பதிலாக விமானத் தாக்குதலை எழுதலாமா என்று அவன் கேட்கிறான். அது பரவாயில்லை என்கிறாள் அவள். விமானி தன் குண்டு எங்கே விழுகிறது என்று பார்ப்பதில்லை. ஆகவே அவன் உண்மையில் பொறுப்பாளி அல்லன். இவர்களோ கைதிகளைக் கண்முன்னால் வைத்துக்கொண்டு சுட்டவர்கள்.

இந்தச் சிறு உரையாடலில்தான் மொத்த நாவலும் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். போரை உயரத்திலிருந்து பார்த்தால் தாங்கிக்கொள்ளலாம். எண்ணிக்கை, தேதி, வெற்றி, பின்வாங்கல். எல்லாம் விமானியின் பார்வை. சிறுசித்திரம் அந்த உயரத்தைப் பறித்துக்கொண்டு நம்மைத் தரையில் இறக்குகிறது. ஒரே முகம், ஒரே கை, ஒரே அழுகிய பாதம். இனிப் பார்க்கவில்லை என்று சொல்ல வழியில்லை.

அந்தக் கைதிகள் பகுதியையே எடுத்துக்கொள்வோம். சரணடைந்த ஜெர்மானியர்களைக் கொன்றுவிடும்படி கேப்டன் மாட்லாக் உத்தரவு போடுகிறார். ஒரு மரபான நாவலாசிரியர் இதை ஒரு பெரிய அத்தியாயமாக எழுதியிருப்பார். எல்லாரையும் மேலிருந்து பார்த்து, யார் மனத்தில் என்ன ஓடியது என்று சொல்லியிருப்பார். மார்ச் அப்படிச் செய்யவில்லை. உத்தரவைச் சொல்பவன், நிறைவேற்றுபவன், துப்பாக்கியை எறிந்துவிட்டு ஓடுபவன், செத்தவர்களிடம் ஏதாவது தேறுமா என்று துழாவுபவன் என்று ஒவ்வொருவனாக வந்து தன் பங்கை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறான். ஒருவன், சுட்ட கணத்தில், இரக்கம், நீதி, கடவுளின் அன்பு என்று தனக்குச் சொல்லித் தந்தது எல்லாம் பொய் என்று முடிவுக்கு வருகிறான். இன்னொருவனுக்குச் சிப்பாயின் வேலை யோசிப்பதல்ல. அதனால் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. இவர்கள் எவனும் மற்றவனுக்குப் பதில் சொல்வதில்லை. யாரையும் நியாயப்படுத்தவோ தண்டிக்கவோ ஆசிரியர் குறுக்கே வருவதும் இல்லை. ஒரு பகுதி முடிகிறது, அடுத்த பெயர் வருகிறது. ஒரு குற்றம் பல கைகளில் பங்குபோடப்படும்போது அது யாருடைய குற்றமாகவும் இல்லாமல் போவதை, விளக்கிச் சொல்லாமல், பக்கங்களை வெட்டிய விதத்திலேயே காட்டிவிடுகிறார். இந்த வரிசைக்காக மட்டுமே இந்த நாவலை யாருக்கும் பரிந்துரைப்பேன்.

இனி என் மனக்குறைகள்.

முதல் குறை எல்லாருக்கும் தோன்றுவது: ஆட்கள் மனத்தில் தங்குவதில்லை. ஒருவனைப் பிடித்துப்போகத் தொடங்கும் நேரத்தில் அவன் பகுதி முடிந்துவிடுகிறது. நாற்பது பக்கம் கழித்து வேறொருவன் கதையில் அவன் பெயர் அடிபட்டால், யார் அவன் என்று திரும்பிப் போய்த் தேட வேண்டியிருக்கிறது. சில பெயர்களை நான் கடைசிவரை ஒருவரோடொருவர் குழப்பிக்கொண்டேன். ஒரு மனிதனின் சாவு நம்மைத் தாக்க வேண்டுமென்றால் அவனோடு கொஞ்சக் காலம் இருந்திருக்க வேண்டாமா?

இரண்டாவது குறை இதைவிடக் கடுமையானது. 113 பேர் பேசுகிறார்கள். ஆனால் 113 குரல் கேட்கவில்லை. பண்ணையிலிருந்து வந்தவன், படித்தவன், திருடன், பக்திமான் என்று ஆட்கள் மாறுகிறார்கள். வாக்கியங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிக் குறுகி, வறண்டு, ஒரே தாளத்தில் விழுகின்றன. பெயரை மறைத்துவிட்டு வாசித்தால், எந்தப் பகுதி யாருடையது என்று அவர்களுடைய பேச்சை மட்டும் வைத்துச் சொல்ல எனக்கு முடியாது. பேச்சை வைத்தே ஆளைக் காட்டும் எழுத்துக்குப் பழகிய எனக்கு இது பெரிய ஏமாற்றம். இந்த நாவலைப் பாராட்டிய ஆங்கில எழுத்தாளர் கிரஹாம் கிரீன், இதைப் பெயரற்ற தொண்டைகளிலிருந்து எழும் கூக்குரல் என்ற பொருளில் வருணித்தார். அதாவது எனக்குக் குறையாகப் படுவது அவருக்கு வலிமையாகப் பட்டிருக்கிறது. டெலானியின் சக்கரம் சுழன்றால் முகங்கள் கலந்துபோகத்தான் செய்யும் என்பதும் உண்மை. அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும், கலப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றும் தனித்தனி நிறமாக இருந்திருந்தால் கலவை இன்னும் ஆழமாக இருந்திருக்கும் என்ற எண்ணத்தை என்னால் விட முடியவில்லை.

மூன்றாவது, முடிவுகள். சிறுசித்திரத்தின் அழகு மங்கும் ஓரம் என்று சொன்னேன். ஆனால் இடம் குறைவு என்பதால், கடைசி வரியில் ஓர் அறை கொடுத்து முடிக்கும் ஆசை இந்த வடிவத்தில் எழுதும் எல்லாருக்கும் வருகிறது. மார்ச்சுக்கும் வந்திருக்கிறது. நம்பிக்கையோடு தொடங்குபவன் ஏமாறுவான், தப்பித்தவன் அடுத்த அடியில் விழுவான். ஐந்து முறை அது வேலை செய்கிறது. இருபதாவது முறை, பகுதியின் நடுவிலேயே கடைசி வரியை ஊகித்துவிடுகிறோம். நான் முதல் முறை புத்தகத்தை மூடியதற்கு உண்மையான காரணம் துயரம் தாங்காமல் அல்ல, ஊகிக்க முடிந்ததால். ஒரு மனிதனின் சாவை ஊகித்துவிட்டு அது சரியாக வந்தபோது எனக்குள் எதுவும் அசையவில்லை. அது என்னை வெட்கப்பட வைத்தது.

இந்த மரத்துப்போதலைத்தான் ஆசிரியர் விரும்பினார், போர் மனிதனை இப்படித்தான் மரத்துப்போகச் செய்யும் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அந்த வாதத்தை வைத்துக்கொண்டு எந்த நூலின் எந்தச் சலிப்பையும் காப்பாற்றிவிடலாம். சிப்பாய் மரத்துப்போவது உயிரோடிருப்பதற்காக. வாசகர் மரத்துப்போவது பக்கம் திருப்புவதற்காக. இரண்டும் ஒன்றல்ல.

ஆனால் குறைகளை இப்படி எழுதி வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. இவை எல்லாம் பிறப்பது குறுக்கத்திலிருந்துதான். கைதிகள் வரிசையின் பலமும் அதே குறுக்கத்திலிருந்துதான் பிறக்கிறது. அந்தச் சிப்பாய்களில் ஒருவனோடு நாம் நூறு பக்கம் இருந்திருந்தால் அவனை மன்னித்திருப்போம்; அவனுடைய தாய், அவனுடைய பயம், அவனுடைய நல்ல செய்கைகள் எல்லாம் நமக்கும் அந்தக் கொலைக்கும் நடுவே வந்து நின்றிருக்கும். இங்கே அதற்கு அவகாசம் இல்லை. இந்த வடிவம் அருகில் கொண்டுபோகிறது, தங்கவிடுவதில்லை. அருகில் போனதால் விமானியைப் போலப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. தங்க முடியாததால் அந்தப் பொறுப்பை எங்கே இறக்கிவைப்பது என்றும் தெரியவில்லை. எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட முடிந்தால் நானும் மகிழ்ச்சியாக ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுவேன்.

இந்த வடிவத்துக்கு நெருங்கிய உறவினர் சிலர் உண்டு; தொடக்க வாசகர்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1920இல் போலந்துப் போருக்குச் சோவியத் குதிரைப்படையோடு போன ஐசக் பாபெல் அந்த அனுபவத்தைக் குறுங்கதைகளாக எழுதினார். அங்கே பெரும்பாலான கதைகளைச் சொல்பவன் ஒருவனே. ஆகவே பிடித்துக்கொள்ள ஒரு கை இருக்கிறது. ஸ்வெட்லானா அலெக்ஸிவிச், இரண்டாம் உலகப் போரில் பங்கெடுத்த சோவியத் பெண்களைச் சந்தித்து அவர்கள் பேசியதைத் தொகுத்தார். 1985இல் நூலாக வந்தது. பார்க்க அதுவும் பல குரல்களின் வரிசைதான். ஆனால் அவர்கள் உண்மையான மனிதர்கள், அது சாட்சியம். அங்கே குரல்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தால் அதற்கு வேறு அர்த்தம். நாவலில் ஒத்திருந்தால் நாவலாசிரியரைத்தான் கேட்க வேண்டும்.

வாசிப்பதற்கு என் யோசனைகள் கொஞ்சம்தான். ஒரே மூச்சில் வாசிக்க வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் போதும். அதற்கு மேல் போனால் நான் சொன்ன மரத்துப்போதல் வந்துவிடும், அது நூலுக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. பெயர்களை மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். அதற்குப் பதிலாக நிகழ்ச்சிகளைக் கவனியுங்கள். முன்பு ஒருவன் போகிறபோக்கில் சொன்ன ஒன்று, பின்னால் இன்னொருவன் வாயில் முழுதாக வரும். அல்லது தலைகீழாக வரும். அந்த இடங்களில் பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். நான் இரண்டாம் முறை வாசித்தபோது கைதிகள் தொடர்பான பகுதிகளை மட்டும் தனியாக எடுத்து அடுத்தடுத்து வாசித்தேன். பிறகு அதே பகுதிகளைப் பின்னிருந்து முன்னாக வாசித்தேன். அப்போது ஓடிப்போனவன் முன்னால் வந்தான், உத்தரவு கடைசியில் வந்தது. குற்றம் நடந்துமுடிந்த பிறகு அது யாரிடமிருந்து கிளம்பியது என்று தேடிப் போவதுபோல இருந்தது. ஒரே கதாநாயகன் உள்ள நாவலில் இப்படி ஒரு வாசிப்பு முடியாது.

பிடிக்காவிட்டால் நடுவில் வைத்துவிடலாமா என்று கேட்டால், வைக்கலாம். ஆனால் வைக்கும் முன் ஒரே ஒரு பகுதியைத் தேடி வாசித்துவிடுங்கள். மற்ற எல்லாப் பகுதிகளுக்கும் தலைப்பு ஒருவனுடைய பதவியும் பெயரும் என்று சொன்னேன் அல்லவா? ஒன்றுக்கு மட்டும் ‘பெயர் தெரியாத சிப்பாய்’ என்று தலைப்பு. லண்டனிலும் பாரிசிலும் 1920இல், அமெரிக்காவின் ஆர்லிங்டன் படைவீரர் கல்லறையில் 1921இல், அடையாளம் தெரியாத ஒரு சிப்பாயின் உடலை அரச மரியாதையோடு அடக்கம் செய்து நினைவிடம் அமைத்தார்கள். மார்ச்சின் காலத்து வாசகர்களுக்கு அந்த ஊர்வலங்களும் மலர்வளையங்களும் சொற்பொழிவுகளும் நன்றாக நினைவிருந்திருக்கும்.

இந்தப் பகுதியில் அவன் முள்கம்பியில் சிக்கி, வயிறு கிழிந்து, தொங்கிக்கொண்டிருக்கிறான். சின்ன வயதில் தன் ஊரின் படைவீரர் கல்லறையில் கேட்ட சொற்பொழிவு அவனுக்கு நினைவுக்கு வருகிறது. தன் உடலை வைத்தும் நாளை இப்படித்தான் பேசுவார்கள் என்று தோன்றுகிறது. உடனே தன்னை அடையாளம் காட்டக்கூடிய கடிதங்களையும் அடையாள வில்லையையும் கைக்கு எட்டிய மட்டும் எடுத்துத் தூர எறிகிறான். இனித் தன் பெயரைச் சொல்லி யாரும் மாலை போட முடியாது என்று அவனுக்கு ஒரு நிம்மதி.

பெயர்கள் மனத்தில் நிற்கவில்லை என்று இத்தனை நேரம் குறைப்பட்டுக்கொண்டேன். 113 பேரில் எனக்கு மிகத் தெளிவாக நினைவிருப்பவன் இவன்தான். எறிந்த வில்லை சேற்றில் எங்கே விழுந்தது என்று மார்ச் சொல்லவில்லை.